பல்லிழந்த பொறியும் சொல்லிழந்த நாமும்

சென்ற ஆண்டு ஆனித் திங்களில் ஒருநாள் மாலை பள்ளி விட்டு வீடு திரும்பினேன். என் பழைய மாணாக்கன் ஒருவன் திண்ணையில் காத்திருந்தான். குமரி மாவட்டத்தின் மேலைக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் வள்ளம் வைத்து மீன் பிடிப்பவன். அகவை நாற்பதை நெருங்குபவன். அவன் கையில் எண்ணெய்க் கறை படிந்த துணி முடிச்சொன்று இருந்தது. அவிழ்த்துக் காட்டினான். உள்ளங்கையளவுள்ள எஃகு வளையம். அதன் விளிம்பில் சாய்வாக வெட்டிய பற்கள். அவற்றுள் மூன்று முறிந்துபோயிருந்தன. எஞ்சியவை அம்மைத் தழும்பு விழுந்த முகம்போற் குழிகுழியாய் அரித்துக் கிடந்தன.

“ஐயா, இந்தத் தாளில் உள்ளதைப் படித்துச் சொல்லுங்கள். எதை வாங்குவது, எதனோடு சேர்த்து வாங்குவது என்று எனக்கு விளங்கவில்லை” என்று மடித்த தாளொன்றை நீட்டினான்.

அது பொறியின் உறுப்புப் பட்டியல், முற்றும் ஆங்கிலம். உறுப்புகளைப் பிரித்து வரிசையாக வரைந்து எண்ணிட்டிருந்தனர். கல்லூரியில் பட்டம் பெற்று முப்பதாண்டு வகுப்பறையில் நின்றவன் யான். எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தேன். படித்தது எனக்கே விளங்கவில்லை! எழுத்து எனக்குத் தெரிந்தது, பொருள் தெரியவில்லை. பொருள் அவன் கையில் இருந்தது. எழுத்து அவனுக்குத் தெரியவில்லை. இருவர்க்கும் நடுவே அயன்மொழி சுவராய் நின்றது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவ் வுறங்கா இரவின் விளைவே இக் கட்டுரை என்க.

அவன் வந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். குமரியின் மேலைக் கரையில் ஆண்டுதோறும் சூன் 1 முதல் சூலை 31 முடிய 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடையுண்டு. பெரும்படகுகள் கரையிற் கட்டிக் கிடக்கும் அந் நாள்களே, கடல் இடங்கொடுக்கும் போதெல்லாம் சிறுவள்ளத்தார் நாலு காசு பார்க்கும் நாள்கள். கரைக்கு வரும் மீன் குறைவு. ஆகலின் விலை மிகுதி. அத்தகைய காலத்தில் ஒரு வள்ளம் மணலிற் கவிழ்ந்து கிடந்தால், அவ் வள்ளத்தை நம்பிய நான்கு குடும்பங்களின் அடுப்பும் கவிழ்ந்து கிடக்கும்.

அவன் நகரிலுள்ள விற்பனையாளரிடம் சென்றிருக்கிறான். “முழுத்தொகையும் முன்பணமாகக் கட்டு; சரக்கு வர ஐந்து கிழமையாகும்; அதற்கு மேலும் ஆகலாம்” என்றனராம். “ஒரு வளையத்தை மட்டும் மாற்றி என்ன செய்வாய்? கீழ்ப்பெட்டி முழுவதையும் மாற்றிவிடு” என்றும் அறிவுரை கூறினராம். அதற்குப் பணம் வேண்டுமெனின் கரையிலுள்ள மீன்வணிகரிடம் கடன் பெறல் வேண்டும். பெற்றால், கடன் தீருமளவும் அவர் சொல்லும் விலைக்கே மீனைக் கொடுத்தாக வேண்டும். ஒரு வளையத்தின் மூன்று பற்கள் முறிந்தமையால் ஒரு மாந்தன் தன் உழைப்பின் விலையைத் தானே சொல்லும் உரிமையை இழக்கின்றான்! இதனைவிடப் பெரிய அடிமைத்தனம் வேறு வேண்டுமோ?

தனித்தமிழ் அன்பர்களே! ‘இஃதென்ன, தமிழாசிரியன் பட்டறைக்குள் நுழைந்துவிட்டான்’ என்று முகஞ்சுளிக்க வேண்டா. அவ் வளையத்தின் கதையைச் சற்றே பொறுமையுடன் கேளுங்கள். அதற்குள் நம் மொழியின் கதையும் அடங்கியிருக்கின்றது.

வள்ளத்தின் பின்புறத்தில் வெளியே மாட்டப்படும் பொறியை ‘அவுட்போர்டு’ என்று கரையில் வழங்குகின்றனர். யான் அதனை வெளிப்பொறி என்பேன். அதன் தலை நீருக்கு மேலே, கால் நீருக்குள்ளே. தலையில் எரிபொருள் எரிந்து விசை பிறக்கின்றது. அவ் விசை நெட்டுத்தண்டு ஒன்றின் வழியே கீழே இறங்குகின்றது. ஆனால், நீரைத் தள்ளும் விசிறியோ படுக்கைவாட்டில் சுழல வேண்டும். நெட்டுவாட்டில் வரும் சுழற்சியைப் படுக்கைவாட்டிற்குத் திருப்புவது எது? கீழ்ப்பெட்டிக்குள் மசகெண்ணெயில் மூழ்கிக் கிடக்கும் மூன்று பற்சில்லுகளே. ‘கியர்’ என்று நாம் வாய்கூசாமற் சொல்வதைத்தான் பற்சில்லு என்கின்றேன். சில்லு என்பது யாழ்ப்பாணத் தமிழர் நாவில் இன்றும் உருளையைக் குறிக்கும் உயிர்ச்சொல்.

நெட்டுத்தண்டின் அடியில் சிறுபற்சில்லு ஒன்று. அதன் இருபுறத்தும் எதிரெதிராக இரண்டு பெரிய பற்சில்லுகள். மூன்றின் பற்களும் கூம்பின் சரிவில் வெட்டப்பட்டவை. ஆகலின் இவை சாய்பற்சில்லுகள். சிறியது சுழலுங்கால் பெரியவை இரண்டும் ஒன்றற்கொன்று எதிர்த்திசையில் சுழலும். அவற்றின் நடுவே விசிறித்தண்டின்மேல் ஒரு கவ்வி முன்னும் பின்னும் நகரும். அஃது ஒரு சில்லைப் பற்றினால் வள்ளம் முன்செல்லும். மற்றதைப் பற்றினால் பின்செல்லும். இரண்டையும் விட்டு நடுவில் நின்றால் பொறி ஓடும், வள்ளம் ஓடாது. என்னே எளிமை! என்னே நுண்மை!

இன்னொரு நுட்பமும் காண்க. சிறியதில் 13 பல், பெரியதில் 27 பல் என்று கொள்வோம். மேலே பொறி மணித்துளிக்கு 5000 முறை சுழன்றால், கீழே விசிறி ஏறத்தாழ 2400 முறை சுழலும். விரைவு குறைந்து முறுக்குவலி மிகும். சுமையேற்றிய வள்ளத்தைத் தள்ளுவதற்கு வேண்டியது அவ் வலியே. ‘26 என்று முழுமையாக வைக்கலாகாதோ, 27 எதற்கு?’ என்று கேட்பீர்கள். 13-க்கும் 27-க்கும் பொது வகுஎண் இல்லை. ஆகவே, சிறுசில்லின் ஒவ்வொரு பல்லும் பெருஞ்சில்லின் ஒவ்வொரு பல்லையும் முறைவைத்துச் சந்திக்கும். தேய்மானம் எல்லாப் பற்கட்கும் நிகராகப் பங்கிடப்படும். நம் பள்ளிகளில் பொது வகுஎண் பாடம் நடத்தும் கணக்காசிரியர் எத்துணைப் பேர் இதனை எடுத்துக்காட்டாகச் சொல்கின்றனர்? சொன்னால், கடற்கரைப் பிள்ளைகள் அப் பாடத்தை மறப்பரோ?

இப்படி ஒன்றோடொன்று பழகித் தேய்ந்த சில்லுகளைப் பிரிக்கலாகாது. முறிந்ததை மட்டும் புதியதாக்கிப் பழைய இணையோடு பூட்டினால், தேய்ந்த பல் புதிய பல்லைத் தின்றுவிடும். சிறுசில்லையும் அதனோடு பொருந்தும் பெருஞ்சில்லையும் சேர்த்தே மாற்றல் வேண்டும். பற்களின் எண்ணிக்கை, சாய்வு, வளைவின் திசை, தண்டு நுழையும் துளையின் வரிப்பள்ளங்கள் அனைத்தும் பழையதோடு ஒத்திருத்தல் வேண்டும். பூட்டும்பொழுது சில்லுகளுக்கு அடியில் மெல்லிய இடைத்தகடுகளை வைத்துப் பற்களுக்கிடையே மயிரிழை யளவான விடுவை அமைத்தல் வேண்டும். விடுவு குறைந்தால் பல் சூடேறிக் கருகும். மிகுந்தால் அடிபட்டு முறியும். பல்லின்மேல் மைதடவிச் சுழற்றினால், தொடுமிடம் பல்லின் நடுவில் விழுகின்றதா, ஓரத்தில் விழுகின்றதா என்று கண்டு கொள்ளலாம். எஞ்சிய ஆயுளை அத் தடமே சொல்லிவிடும்.

அவன் கொணர்ந்த சில்லு ஏன் முறிந்தது? கடலில் அறுந்து மிதக்கும் தூண்டில் நரம்பு விசிறியின் அடியிற் சுற்றிக்கொள்கின்றது. அங்குள்ள நீர்த்தடை வளையத்தை அறுக்கின்றது. உப்புநீர் உள்ளே கசிகின்றது. மசகெண்ணெய் மோர்போல் வெளுக்கின்றது. வெளுத்த எண்ணெயைக் கண்டவுடன் வளையத்தை மாற்றியிருந்தால் சிறுதொகையோடு முடிந்திருக்கும். காணாமையால் தாங்கிகள் துருப்பிடித்து, பற்கள் அரித்து, ஒருநாள் அலைவாயில் விசைமாற்றுங்கால் முறிந்தன. ‘எண்ணெயை இத்துணை மணிநேரத்திற்கு ஒருமுறை திறந்து பார், வெளுத்திருந்தால் கடலுக்குப் போகாதே’ என்று அவனுக்குக் கொடுத்த கையேட்டில் எழுதியிருந்தது. ஆனால் எம்மொழியில்? அவன் அறியா மொழியில்! மருந்துச் சிமிழின்மேல் நோயாளிக்குத் தெரியாத மொழியில் ‘மிகுதியாக உண்டால் இறப்பாய்’ என்று எழுதி வைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மறுநாள் யானும் அவனும் நகருக்குச் சென்றோம். மாற்றுச்சில்லுக்கு மூன்று வாயில்கள் இருந்தன. முதலாவது, பொறி செய்தவரே செய்த உறுப்பு: தரம் உண்டு, விலையும் காத்திருப்பும் முதுகை முறிக்கும். இரண்டாவது, அதனைப்போற் செய்து கடைத்தெருவில் விற்கும் உறுப்பு: இதில் நல்லதும் உண்டு, நச்சும் உண்டு. நல்ல பற்சில்லு கலவை எஃகில் அடித்துருவாக்கப்பட்டு, பல் வெட்டப்பட்டு, கரியூட்டும் உலையில் 900 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் வைக்கப்பட்டுப் பின் எண்ணெயிற் குளிர்விக்கப்படும். அதனால் தோல் அரத்தையும் வழுக்கச் செய்யும் கடுமை பெறும். உள்ளீடோ அதிர்ச்சியைத் தாங்கும் நெகிழ்வோடிருக்கும். போலியில் இவ் வினை நடந்திராது. ஓரமான இடத்தில் அரத்தால் மெல்ல இழுத்துப் பார்த்தால் பொய் வெளிப்பட்டுவிடும். அரம் கடித்தால் அது மென்சில்லு. முதற் பருவத்திலேயே பல் மழுங்கும். மூன்றாவது வாயில், கைவிடப்பட்ட பழம்பொறிகளின் வயிற்றைக் கிழித்தெடுத்த உறுப்பு. பணமற்றவனுக்கு இவ் வாயிலே திறக்கின்றது.

மூன்றாம் வாயிலில்தான் அந்த வினைஞரைக் கண்டேன். எழுபதகவை இருக்கும், சந்துக்குள் ஒரு தகரக் கொட்டகை, சுவரெல்லாம் பொறிகளின் என்புக்கூடுகள். என் மாணாக்கன் நீட்டிய சில்லை வாங்கி விரலால் ஒருமுறை தடவினார். பல் எத்துணை, எந்த ஆண்டுப் பொறி, எதனால் முறிந்தது என்று மூன்றையும் சொல்லிவிட்டார். கண்ணாடி அணிந்து பட்டியலைப் படித்த யான் நாணித் தலைகுனிந்தேன்.

“ஐயா, இதனை நீங்கள் என்ன பெயரால் அழைப்பீர்கள்?” என்று கேட்டேன்.

“பெவல் கியர் என்போம்.”

“தமிழிற் பெயர் இல்லையோ?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எள்ளல் ஏதுமின்றி, வெகு அமைதியாகச் சொன்னார்: “பெயர் வைப்பதற்கு இதை நாமா செய்தோம், வாத்தியாரையா?”

அன்பர்களே! மேடைகளில் ஆயிரம் சொற்பொழிவு கேட்டிருக்கின்றேன். இவ் வொரு வினாப் போல் எதுவும் என் நெஞ்சைத் துளைத்ததில்லை. பிள்ளையைப் பெற்றவள் பெயரிடுகின்றாள். பெறாதவள் பெயரிட்டால் அஃது ஊரார் பிள்ளைக்கு இட்ட செல்லப்பெயராகவே நிற்கும், பதிவேட்டில் ஏறாது.

அவ் வினைஞர் வாழும் கரையையே பாருங்கள். முன்புறத்தை அணியம் என்பர். பாய் தாங்கும் குறுக்குக் கழியைப் பருமல் என்பர். நீரோட்டத்தை நீவாடு என்பர். காற்றுக்கு வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைதோறும் பெயருண்டு. கட்டுமரம் என்னும் அவர்தம் சொல்லை ஆங்கிலேயன் எடுத்துச் சென்று தன் அகரமுதலியில் வைத்துக் கொண்டான். கல்லூரியைக் கண்டிராத மக்கள், வடசொல்லுக்கோ ஆங்கிலத்துக்கோ கையேந்தாமல் இத்துணைச் சொற்களை ஆக்கியது எங்ஙனம்? மரத்தைத் தாமே வெட்டினர், தாமே கட்டினர், தாமே செலுத்தினர், ஆகவே தாமே பெயரிட்டனர். 1980களில் வெளிப்பொறி இக் கரையிற் பரவிய நாளிலிருந்து, வள்ளத்தின் பிற்பாதி மட்டும் ஆங்கிலம் பேசுகின்றது. அணியம் தமிழ், பின்புறம் ஆங்கிலம்! ஒரே வள்ளத்தில் இரண்டு நாடு! பாய் கிழிந்தால் அவன் தைத்தான். துடுப்பு முறிந்தால் அவன் செதுக்கினான். பல் முறிந்தால் மட்டும் கடல்கடந்த ஒருவனின் வாயிலில் நிற்கின்றான். சொல் போன இடத்திற்றான் செயலும் போயிற்று. செயல் போன இடத்திற்றான் சொல்லும் போயிற்று.

‘பொறியெல்லாம் மேலைநாட்டார் அறிவு, நாம் பெயரை மாற்றி என்ன பயன்?’ என்று நம்மை எள்ளுவோர் உளர். அவர்கட்குச் சப்பானியரைக் காட்டுகின்றேன். வெளிப்பொறியை அவர்களும் கண்டுபிடித்தாரல்லர். நார்வேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஓலே எவின்ரூட் 1909-இல் அதனை விற்பனைக்குக் கொணர்ந்தார். சாய்பற்சில்லு வெட்டும் இழைப்புப்பொறியை 1874-இல் அமைத்தவர் அமெரிக்கராகிய வில்லியம் கிளீசன். சப்பானியர் பின்னால் வந்தவரே. யமாகா 1887-இல் இசைக்கருவி யோடு பிறந்த பெயர். அதன் முதல் வெளிப்பொறி வந்தது 1960-இல். சுசுகி 1909-இல் தறி செய்யத் தொடங்கிய நிறுவனம். அதன் முதல் வெளிப்பொறி வந்தது 1965-இல். இசைக்கருவி செய்தவனும் தறி செய்தவனும் கடலுக்கு இறங்கினர். இன்று நம் கரையில் நிற்கும் வெளிப்பொறிகளுட் பல அவ்விரு பெயர்களையே தாங்கி நிற்கின்றன.

அம் மக்கள் சாய்பற்சில்லை என்னவென்று அழைக்கின்றனர் தெரியுமா? குடைப்பற்சில்லு என்று! விரித்த குடையின் சரிவை அவர்கள் அதிற் கண்டனர், தம் மொழியில் குடைக்கும் பல்லுக்கும் உருளைக்கும் உள்ள சொற்களைச் சேர்த்தனர், பெயர் பிறந்தது. செருமானியர் அதனைக் கூம்புச்சில்லு என்கின்றனர். ஒருவன் குடையைக் கண்டான், ஒருவன் கூம்பைக் கண்டான். தன் கண்ணால் கண்டவன் தன் நாவாற் சொன்னான். நாம் எதைக் கண்டோம்? பிறன் எழுதிய விலைப்பட்டியலைக் கண்டோம். அதை எழுத்துப் பெயர்த்தோம். பொருளைப் பாராமல் பட்டியலைப் பார்க்கின்றவன் சொல்லாக்க மாட்டான். பொருளையும் ஆக்க மாட்டான்.

‘நம்மால் செய்ய வியலுமா?’ என்பது அடுத்த ஐயம். வியலுமா என்று கேட்பதே நாணத்தக்கது. கோவையில் நெசவுப்பொறியும் நீரேற்றியும் பற்சில்லும் வார்த்துக் கடைவோர் தமிழர். அம்பத்தூரிலும் ஓசூரிலும் மகிழுந்துக்கும் சரக்குந்துக்கும் உறுப்பு வெட்டுவோர் தமிழர். மலையேறும் சரக்குந்தின் பின்னச்சுப் பற்சில்லைச் செய்யும் கைக்கு, பத்துக் குதிரையாற்றல் வெளிப்பொறியின் பற்சில்லு மலையோ? தறியிலிருந்து கடலுக்குச் சப்பானியன் நடந்த வழி கோவைக்கும் குளச்சலுக்கும் இடையில் மட்டும் அடைபட்டுக் கிடப்பானேன்? கைத்திறன் இருக்கின்றது, எஃகு இருக்கின்றது, உலை இருக்கின்றது, கணிப்பொறி வழி ஐந்து அச்சுகளில் நகர்ந்து வெட்டும் கருவிகளும் வந்துவிட்டன. இல்லாதது ஒன்றே: கடற்கரையின் தேவையைக் கோவையின் பட்டறைக்கு எடுத்துச் சொல்லும் நாக்கு.

‘சட்டம் தடுக்கும்’ என்பர் சிலர். இந்நாட்டில் காப்புரிமையின் வாழ்நாள் 20 ஆண்டு. பதிவு செய்த வடிவமைப்புக்கு நீட்டிப்போடு 15 ஆண்டு. இக் கரையில் ஓடும் பொறிகளுள் பல அக் காலத்தைக் கடந்த பழைய அமைப்பின. அளந்து, வரைந்து, தம் பெயரைப் பொறித்துச் செய்வார்க்கு அவ்வுரிமைகளால் தடையில்லை. பிறர் வணிகக்குறியை ஒட்டி விற்பதுதான் குற்றம். அத்தகைய போலி வணிகத்தை யாமும் வெறுக்கின்றோம். தமிழன் செய்த சில்லில் தமிழன் பெயர் இருக்கட்டும்.

‘வாங்குவோர் சிலரே’ என்பர் வேறு சிலர். ஒரு சிற்றூரை மட்டும் எண்ணினால் சிலரே. குமரி முதல் சென்னை வரை எண்ணுங்கள். கேரளக் கரையை எண்ணுங்கள். மன்னாரும் யாழ்ப்பாணமும் திரிகோணமலையும் எண்ணுங்கள். எங்கும் அவ்விரு சப்பானிய நிறுவனங்களின் பொறிகளையே மிகுதியும் காண்கின்றோம். ஒரே வகைப் பொறியாயின் பல்லின் எண்ணிக்கையும் ஒன்றே, துளையின் அளவும் ஒன்றே. தனித்தனியே கேட்பவன் கெஞ்சுகின்றான். சேர்ந்து கேட்பவன் கட்டளையிடுகின்றான்.

அயலாரை நம்பிக் கிடப்பதன் இடரைக் காலம் இருமுறை காட்டிவிட்டது. 1909-இல் தொடங்கிய எவின்ரூட் என்னும் முதற்பெயரே 2020 மே திங்களில் ஆக்கம் நிறுத்தப்பட்டது. தொலைநாட்டு முதலாளி கணக்குப் பார்த்து ஒரு கையெழுத்திட்டால் உலகின் பழம்பெரும் பொறியும் நின்றுவிடும். 2022-இல் இலங்கையில் அயல்நாட்டுச் செலாவணி வற்றியது. அமெரிக்க தாலருக்கு 200 அளவில் இருந்த அந்நாட்டு உரூபாய் சில கிழமைகளில் 350-ஐக் கடந்து வீழ்ந்தது. மண்ணெண்ணெய் இன்றி வள்ளங்கள் கரையிற் கிடந்தன. தாலர் கொடுத்து இறக்கும் உறுப்பெதுவும் ஏழை மீனவனின் கைக்கெட்டாத உயரத்துக்குப் போயிற்று. நம் உடன்பிறப்புகள் பட்ட அத் துன்பம் நாளை நமக்கு வாராதென்று எவர் உறுதி கூறுவார்? தன் பல்லைத் தான் செய்யாதவன், பிறன் சோறூட்டும்வரை உண்பான். ஊட்டாதபோது பட்டினி கிடப்பான்.

அரசினரை நோக்கிச் சில கேட்கின்றோம். வெளிப்பொறி வாங்க மீனவர்க்கு நல்கை தருகின்றீர்கள், நன்று. அப் பணம் யார் கைக்குப் போய்ச் சேர்கின்றது என்று எண்ணினீர்களா? நல்கை பெறும் பொறியை விற்பவர், அப் பொறியின் பற்சில்லையும் நீர்த்தடை வளையத்தையும் கடற்கரை மாவட்டங்களில் பதினைந்தாண்டு இருப்பு வைத்தல் வேண்டுமென்று ஏன் கட்டாயமாக்கலாகாது? படத்தோடு கூடிய தமிழ்க் கையேடில்லாத பொறிக்கு நல்கை இல்லை என்று ஒரே வரியில் ஏன் ஆணையிடலாகாது? கடலோரத் தொழிற்பயிற்சி நிலையங்களில் வெளிப்பொறிக் கீழ்ப்பெட்டியைப் பிரித்துப் பூட்டும் பாடத்தைத் தமிழில் ஏன் நடத்தலாகாது? அந்தக் கொட்டகை வினைஞரைப் போன்றோரை ஆசிரியராக அமர்த்தினால் அந் நிலையங்கள் தாழ்ந்துபோகுமோ? மீனவர் கூட்டுறவு மன்றங்கள் தேவையைத் தொகுத்து, கோவைப் பட்டறைகளில் ஆயிரம் இணை பற்சில்லு செய்யச் சொன்னால் செய்ய மாட்டேன் என்பாரோ?

இனி, பிறரைச் சாடியது போதும். நம்மைச் சற்றே சாடிக் கொள்வோம். தனித்தமிழ் அன்பர்களே! நாம் எத்துணைச் சொல்லாக்க அரங்குகள் நடத்தியிருக்கின்றோம்! ‘கியருக்கு எச் சொல் பொருந்தும்’ என்று மின்விசிறியின் கீழ் அமர்ந்து மணிக்கணக்கிற் சொற்போர் புரிந்திருக்கின்றோம். ஒருவர் பல்லிணை என்பார். ஒருவர் பல்லுருளி என்பார். யான் பற்சில்லு என்பேன். அவ் வரங்கில் ஒரு பற்சில்லையேனும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தோமா? அதனைக் கையால் தொட்ட ஒரு வினைஞரையேனும் அழைத்தோமா? பொருளைக் காணாமற் சொல்லாக்கியமையால் நம் சொற்கள் நூற்கட்டுக்குள்ளேயே மூச்சடைத்து மாண்டன. வணிகர் பெயர்ப்பலகையில் ஒற்று மிகவில்லை என்று சினந்தோம். பட்டறைக்குள் மொழி முழுவதும் மிகாமற் போனதைக் காணவில்லை. இது யான் என்மேலும் சாற்றும் குற்றமே. தூய தமிழ் பேசும் ஆசிரியனால் தன் மாணாக்கனுக்கு ஒரு பல்லை வாங்கித்தர இயலவில்லை எனின், அத் தூய்மை யாருக்கு? தூய்மை நாவோடு நின்றால் அஃது அணிகலன். கைக்கு இறங்கினாற்றான் கருவி.

ஆகலின் யான் வேண்டுவது இதுவே. கடலோரத்து வாழும் ஒவ்வோர் அன்பரும் ஒரு வினைஞரின் கொட்டகைக்குச் செல்க. அறிவுரை சொல்லச் செல்லற்க, கேட்கச் செல்க. பொறியின் ஒவ்வோர் உறுப்பையும் கையில் வாங்கிப் பார்த்து வரைக. அதன் வேலை இன்னது, பழுது வரும் வழி இன்னது, பழுதின் முதற்குறி இன்னது என்று எளிய தமிழில் எழுதி அவரிடமே படித்துக் காட்டுக. அவர் தலையசைத்தால் அச்சிடுக. அவர் ஒரு சொல்லைத் தள்ளினால் அச் சொல்லை வைத்துக்கொண்டு மாரடிக்கற்க. கோவை, ஓசூர்ப் பக்கத்து அன்பர்களோ, ஒரு பட்டறை முதலாளியின் மேசைமேல் உடைந்த பற்சில்லொன்றை வைத்து, ‘இதைச் செய்து தருவீர்களா?’ என்று கேட்க. அவ் வினா ஒரு மாநாட்டுக்கு நிகர்.

என் மாணாக்கன் கதையை முடித்துவிடுகின்றேன். அந்த முதியவர் பழம்பொறியொன்றின் வயிற்றிலிருந்து சிறுசில்லும் முன்செலுத்தும் பெருஞ்சில்லும் இணையாக எடுத்துக் கொடுத்தார். இடைத்தகடு வைத்து, மைதடவித் தடம் பார்த்து, நீர்த்தடை வளையம் புதிதாக இட்டுத் தாமே பூட்டினார். இருபத்துமூன்று நாள் கரையிற் கிடந்த வள்ளம் கடலிறங்கியது. இழந்த நாள்களுக்கு ஈடில்லை. வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை. “இது எத்துணை நாள் தாங்கும்?” என்று கேட்டேன். “அது எனக்கு முன்னே ஒருவனிடம் உழைத்தது, ஐயா. நடுக்கடலில் அதன் ஓசையைக் கேட்டுக்கொண்டேதான் தொழில் செய்கின்றேன்” என்றான். தான் பாடுபடும் நேரமெல்லாம் தன் உயிரைத் தாங்கும் பல்லின்மேல் செவிவைத்து அஞ்சி வாழும் நிலை எந்த மாந்தனுக்கும் வரலாகாது.

முறிந்த பற்சில்லை அவன் என்னிடமே விட்டுச் சென்றான். அஃது இப்பொழுது என் வகுப்பறை மேசைமேல் இருக்கின்றது. ஒவ்வோராண்டும் புதிதாக வரும் பிள்ளைகளின் கையில் அதனைக் கொடுத்து, ‘இஃது என்ன? எதற்காகும்? இதற்கு என்ன பெயரிடுவாய்?’ என்று கேட்கப் போகின்றேன். அவர்களுள் ஒருவன் பெயரிடுவான். ஒருத்தி, ‘இதை நானே செய்வேன்’ என்பாள். அவள் செய்த அன்று, அவள் சொல்வதே அதன் பெயர். அன்று யான் என் பற்சில்லை மகிழ்ந்து விட்டுக்கொடுப்பேன்.